வளைவு வீட்டில் தொங்கும் சட்டை

புளியந்தட்டு, ஜவ்வாது மலை
10.6.2024

மேஸ்திரிக்கு வணக்கம்.

சடையன் மனைவி தேவயானி எழுதுகிறேன். நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வளைவு வீட்டுச் சொந்தக்காரர் கோகுல்ராஜ் அண்ணன் போனிலிருந்து பேசிப் பார்த்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

ஒன்றுதான் கேட்கிறேன். நீங்கள் கட்டிக்கொண்டிருந்த வளைவு வீட்டில் தொங்கும் திருஷ்டி பொம்மையை இறக்குங்கள்.

அது என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறது. நீலக் கட்டம் போட்ட சட்டை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் பழுப்பு நிறம். அது நான் தைத்தது. பஸ் மேல் வளைவில் திரும்பும்போது பொம்மை ஜன்னலுக்கு நேராக வருகிறது. என் மகள் கவியா பள்ளிக்கூடம் போகும்போது அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். காற்றடித்தால் அது மெதுவாகத் திரும்பி எங்கள் வீட்டைப் பார்க்கிறது. பிறகு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. அவரும் வேலை நடுவே அப்படித்தான் எங்கள் பக்கம் பார்ப்பார்.

என் மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் களத்தில் நின்றால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வளைவு வீடு. பொழுது சாய்ந்தால் களத்தில் வந்து நின்றுகொள்கிறார். "மேஸ்திரி இன்னா மனுசன், இருட்டிக்கினு வருது, இன்னும் எம்புள்ளய எறக்கி வுடல. நீ போய்க் கூப்புடு" என்கிறார். மாசி மாதத்திலிருந்து தினமும் இதைத்தான் சொல்கிறார். நான் என்ன பதில் சொல்லட்டும்?

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வேலை முடிந்த பிறகு சொந்த விருப்பத்தில் சாரத்தில் ஏறி விழுந்ததால் பாலிசியில் வராது என்று எழுதியிருக்கிறார்கள். அது அவர்கள் வார்த்தை இல்லை, நீங்கள் கொடுத்த வார்த்தை. உங்களோடு இத்தனை வருடம் மலையிலும் கீழேயும் வீடு வீடாக ஏறி இறங்கியவர், கடைசியில் வேலையில்லாமல் சாரத்தில் ஏறி விழுந்தவர் ஆகிவிட்டார். அதைப் பற்றி இப்போது பேசவில்லை. செத்தவர் சட்டையைக் கழற்றி வைக்கோல் திணித்துக் கட்டித் தொங்கவிடும் அளவுக்கு நாங்கள் உங்களுக்கு என்ன செய்தோம்?

தேவயானி


படவேடு
17.6.2024

தேவயானிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ எழுதியது நல்லது. போனில் பேசினால் பேசியது ஒன்று, பிறகு பேசியதாகச் சொல்வது ஒன்று. எனக்கு அந்த அனுபவம் போதும். இனி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

முதலில் ஒன்று. அந்தப் பொம்மையை நான் கட்டவில்லை, கட்டச் சொல்லவும் இல்லை. சடையன் விழுந்த நாளுக்குப் பிறகு நான் அந்த வீட்டுப்படி மிதிக்கவில்லை. ஒரு முறை பஸ்ஸில் போகும்போது தூரத்தில் ஏதோ தொங்குவதைப் பார்த்தேன். சாவு விழுந்த வீடு என்று பயந்து கோகுல்ராஜ் கட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரன் அவன். கேட்க வேண்டியது அவனை.

என் சைட்டில் பொம்மைக்கு ஒரு முறை இருக்கிறது. தளம் போட்ட அன்று பொழுது சாய்வதற்குள் பொம்மை ஏறிவிட வேண்டும். பொம்மைக்குப் போடுவது மேஸ்திரியின் பழைய சட்டை, வேறு யாருடையதும் ஆகாது. புதுக் கட்டடத்தைப் பார்க்கிற கண் முதலில் பொம்மை மேல் விழும். சட்டை யாருடையதோ அவனைத்தான் பிடிக்கும். வீட்டுக்காரனையும் பிடிக்கக் கூடாது, வேலையாட்களையும் பிடிக்கக் கூடாது. அதற்குத்தான் மேஸ்திரி என்று ஒருவன் இருக்கிறான். வீடு குடிபோகும் நாளில் கட்டியவன் கையாலேயே அதை அவிழ்க்க வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நானே பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்ட முறை. நான் எட்டாவது தாண்டாதவன். கட்டடம் கட்டவும் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை.

என் முழங்கால் போன பிறகு நான் சட்டையைக் கொடுப்பேன், சடையன் ஏறிக் கட்டுவான், நான் கீழே நின்று பார்ப்பேன். அன்றைக்கு நான் சட்டையே கொடுக்கவில்லை. அதனால் அன்று பொம்மை ஏறவில்லை. கணக்கு சரியாக இருக்கிறதா?

இன்னொன்று. நான் கம்பெனிக்குச் சொன்னது பொய் என்கிறாய். என்ன சொன்னேன் என்று உனக்கே எழுதுகிறேன். நான் அங்கே இல்லை, ஆட்கள் சொன்னதைத்தான் சொன்னேன். தளம் போட்டு முடிந்தது. கலவை மிஷின் போய்விட்டது. ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். சடையன் சட்டையில்லாமல் வெறும் பனியனோடு கிடந்தான். வேலை நேரத்தில் அவன் சட்டையைக் கழற்றி நான் பார்த்ததில்லை. குளிக்கப் போனவன் எதற்கு ஏறினான் என்று தெரியவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். இதில் எந்த வரி பொய்?

சடையனுக்கு முன் என் சைட்டில் ஒரு ஆளும் விழுந்ததில்லை. இதைத் திருவண்ணாமலை வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேள். பாங்க் லோன் கிடைக்க இன்சூரன்ஸ் வேண்டும் என்றார்கள், எடுத்தேன். ஹெல்மெட், பெல்ட், வலை என்று கேட்டார்கள், வாங்கினேன். ஆனாலும் ஊரில் என்னை ஆளைக் கொன்றவன் என்கிறார்கள். சாவு வீட்டில் நான் கொண்டுவந்த மாலையை நீ வாங்கிப் பந்தக்காலில் எறிந்தாய். "உன் வேலைக்கு வந்துதான் செத்தாரு, உன் மாலை வேணாம்" என்றாய். எல்லோரும் பார்த்தார்கள். நான் இறங்கி வந்தேன். அதை மறந்துவிட்டு நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று நீ கேட்கலாமா?

தேவராஜ் மேஸ்திரி


புளியந்தட்டு
28.6.2024

மேஸ்திரிக்கு,

கோகுல்ராஜ் அண்ணனைக் கேட்டேன். "நான் ஏன் கட்றன்? அது மேஸ்திரி வேலையாச்சே. அவருதான் கட்னாருன்னு நெனச்சிக்கினு இருக்கறன்" என்றார். என் வீட்டுக்காரர் விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் ஏறவில்லையாம். பூச்சு வேலைக்குக் கண்ணமங்கலத்திலிருந்து ஆள் கூட்டி வந்தாராம். பொம்மையைப் பார்த்ததும், "இதைக் கட்டுன ஆளு வந்து அவுக்கட்டும், அப்புறம் வர்றோம்" என்று பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்களாம்.

அவரும் கட்டவில்லை, நீங்களும் கட்டவில்லை. அப்படியென்றால் யார்?

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சட்டையில்லாமல் கிடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் என்னிடம் கொடுத்த பையில் அவர் பனியனும் வேட்டியும் இருந்தன, சட்டை இல்லை. அன்றிருந்த நிலையில் சட்டை எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதன்பிறகு ஒருநாள் பஸ்ஸில் போகும்போது அந்தச் சட்டையைப் பார்த்தேன். நீங்கள் செய்த வேலை என்று நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

குளிக்கப் போனவர் சட்டையைக் கரையில் வைப்பார். சாரத்தின் உச்சியில் பொம்மைக்கு மாட்டமாட்டார்.

நீங்கள் சட்டை கொடுக்கவில்லை என்கிறீர்கள். பொழுது சாய்வதற்குள் பொம்மை ஏற வேண்டும் என்பதும் உங்கள் முறை என்கிறீர்கள். நீங்கள் அங்கே இல்லை. சட்டை இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் என்ன செய்திருப்பார்? உங்களோடு இருந்தவர்தானே, நீங்களே சொல்லுங்கள்.

பெல்ட் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கினீர்கள். விசாரணைக்கு வந்த ஆள் உங்களிடம் சாவி வாங்கி ஷெட்டைத் திறந்தபோது நானும் வாசலில் நின்றிருந்தேன். பெல்ட்டுகள் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் ஆணியில் வரிசையாகத் தொங்கின. ஒன்றில்கூட ஒரு மனுசன் வியர்வை பட்டிருக்கவில்லை. விசாரிக்க வந்தவரே அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நான் கேட்பது ஒன்றுதான். அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது செத்தாரா, வேலையில்லாமல் செத்தாரா? கவியா கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் யாரோ உங்கப்பா குடித்துவிட்டு விழுந்தார் என்று சொன்னார்களாம். வேலை முடிந்த பிறகு ஏன் ஏறினார் என்றால் ஊர் அப்படித்தான் பேசும். அவர் குடிக்கமாட்டார். உங்களுக்குத் தெரியும்.

தேவயானி


படவேடு
9.7.2024

தேவயானிக்கு,

நான் சொல்லவில்லை. அன்றைக்கு ஏறிப் பொம்மை கட்டு என்று நான் சடையனிடம் சொல்லவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நடந்தது இது. தளம் முடிவதற்குள் நான் கிளம்ப வேண்டியிருந்தது. கலசப்பாக்கத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் மேஸ்திரிகளுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் கூட்டம் போட்டிருந்தார்கள். வராதவர்களுக்குப் பாலிசி புதுப்பிப்பதில் சிக்கல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வண்டியில் ஏறும்போது சடையனைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் முடிச்சுட்டு இறங்கு" என்றேன். அவ்வளவுதான். எல்லாத்தையும் என்றால் தளத்தை. தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடி, சாமான்களை எடுத்து வைத்து. அதில் பொம்மை என்ற வார்த்தையே வரவில்லை.

பெல்ட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். கொடுத்தால் யார் போடுகிறார்கள்? ஆரம்பத்தில் கொடுத்துப் பார்த்தேன். "இன்னா மேஸ்திரி, மாட்டைக் கட்ற மாதிரி கட்றீங்க" என்று சிரித்தார்கள். சடையனும்தான் சிரித்தான். அதனால் அழுக்காகாமல் இருக்கட்டும், ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று பூட்டி வைத்தேன். எல்லா மேஸ்திரியும் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

அந்தக் கூட்டத்தில் சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். எந்த இடத்தில் எப்படி ஆபத்து வரும் என்று. சாரத்திலிருந்து ஒரு ஆள் விழுகிற படம் வந்தது. கோட்டில் வரைந்த ஆள், முகம் இல்லை. கை இரண்டும் விரிந்திருந்தன. டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கோகுல்ராஜ் போன் செய்தான். அவன் பேசி முடிக்கிற வரைக்கும் அந்த ஆள் சுவரில் விழுந்துகொண்டேயிருந்தான். யாரும் படத்தை மாற்றவில்லை. இப்போதும் வெள்ளைச் சுவர் எதைப் பார்த்தாலும் எனக்கு அது தெரிகிறது. பூச்சு வேலை பார்க்கிறவனுக்கு இது எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

கம்பெனியிடம் போய்ப் பொம்மைக்காக ஏறினான் என்று சொன்னால் சிரிப்பார்கள். பொம்மை கட்டுவது அவர்கள் லிஸ்ட்டில் இல்லை. நான் எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். ஒரு வரியும் மாற்றமாட்டேன்.

அன்றைக்கு எடுத்துப்போன பையை நான் இன்னும் திறக்கவில்லை. வண்டியிலிருந்து கழற்றி அப்படியே அலமாரியின் மேல் வைத்தேன். அதை ஏன் உன்னிடம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இதற்குப் பதில் போட வேண்டாம்.

தேவராஜ் மேஸ்திரி


புளியந்தட்டு
15.7.2024

மேஸ்திரிக்கு,

பதில் வேண்டாம் என்றீர்கள். இது பதில் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஏறினேன்.

காலையில் பனி இறங்கியிருந்தது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்றால் வீடு தெரியவில்லை, பொம்மை மட்டும் அந்தரத்தில் நிற்பது போலிருந்தது. கோகுல்ராஜ் அண்ணன், "வேணாம் தேவயானி, சாரக்கட்டை மழையில ஊறிக் கெடக்குது" என்று கீழேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். புளியமரம் ஏறிப் பழகிய காலுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் தளத்தின் ஓரத்துக்கு வந்ததும் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே அவர் கிடந்த இடம் தெரிந்தது. ஜல்லி மேல் புல் முளைத்திருந்தது.

பொம்மை அப்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. தோளைத் தொட்டேன். தானாகத் திரும்பியது. தலையாகக் கவிழ்த்த சட்டிக்குக் கண்ணும் மீசையும் வரைந்திருக்கிறார், சுண்ணாம்பால். மீசை ஒரு பக்கம் ஏறி இருக்கிறது. நீங்கள் மீசை வைத்திருப்பது போல. உங்கள் சட்டை இல்லாவிட்டாலும் பொம்மை நீங்களாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். உள்ளே திணித்திருந்தது சாமை வைக்கோல், எங்கள் களத்தில் கிடந்த வைக்கோல். விழுந்த அன்று காலையில் அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டேன். "மேஸ்திரிக்கு வவுறு வேணாமா" என்று சிரித்தார். அப்போது எனக்குப் புரியவில்லை.

சட்டை மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. கத்தியால் அறுத்தேன். அந்தக் கயிற்றுத் துண்டை இதோடு அனுப்புகிறேன். பாருங்கள். சாரம் கட்டுகிற உங்கள் முடிச்சு. ஆனால் சுற்று எல்லாம் இடது பக்கமாகப் போகிறது. உங்கள் ஆட்களில் இடது கை யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பொம்மை இப்போது வெறும் வைக்கோலாக நிற்கிறது. பார்க்க இன்னும் பயமாக இருக்கிறது. மாமியார் நேற்றுப் பொழுது சாயக் களத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். "குளிருல சட்டையில்லாத நிக்கறான்" என்று அழுதார்.

தேவயானி


படவேடு
2.8.2024

தேவயானிக்கு,

கயிறு கிடைத்தது. கவரைப் பிரித்ததும் மேசை மேல் விழுந்தது. நான் பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. அந்த முடிச்சை அவனுக்குக் காட்டிக் கொடுத்தபோது, இடது கைப் பக்கம் போகாதே, அழகில்லை என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். "முடிச்சுக்கு இன்னா மேஸ்திரி அழகு, நின்னா போதும்" என்பான். அறுத்துத்தான் எடுக்க முடிந்தது என்கிறாய். அப்படியென்றால் நின்றிருக்கிறது.

பிறகு அலமாரி மேலிருந்து பையை இறக்கினேன். மேலே கூட்டத்தில் கொடுத்த காகிதங்கள். அடியில் என் பழைய காக்கிச் சட்டை, துவைத்து மடித்தது. பொம்மைக்கென்று அன்று காலையில் நான் எடுத்துப்போன சட்டை. கிளம்பும் அவசரத்தில் கொடுக்காமல் வந்துவிட்டேன். அவன் கேட்டிருக்கலாம். போன் செய்திருக்கலாம். கேட்கமாட்டான். நான் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்திருப்பான். வெறும் தளத்தை இருட்டுப் பார்த்துவிடக் கூடாது. தன் சட்டையைக் கழற்றியிருக்கிறான்.

பொம்மை மேல் விழுகிற கண் சட்டைக்காரனைத்தான் பிடிக்கும் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். போக வேண்டிய ஆளிடம் அது போகவில்லை.

போன வாரம் திருவண்ணாமலையில் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். விசாரணைக்கு வந்த அதே ஆள், நவீன்குமார் என்று பெயர். சின்ன வயசு. பேசியதை அப்படியே எழுதுகிறேன். பிறகு யாரும் வேறு மாதிரி சொல்லக் கூடாது.

"எதுக்கு ஏறினான்னு தெரிஞ்சு போச்சு. பொம்மை கட்ட ஏறியிருக்கான்" என்றேன்.

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "பெரியவரே, அது வேலையில வராதுங்க. கான்கிரீட், சாரம், பூச்சு, சென்ட்ரிங் இதெல்லாம்தான் வேலை. பொம்மை கட்றது சாமி சமாச்சாரம். அவரு ஆசைக்கு ஏறினாருன்னுதான் ஆவும்" என்றான்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. "எது வேலை எது வேலையில்லைன்னு என் சைட்ல சொல்றது நானா நீயா?" என்றேன். "நீ பெல்ட்டு கேட்ட, வலை கேட்ட. அதுக்கு முன்னாடியிருந்தே என் சைட்டுக்கு இன்சூரன்ஸ் அந்தப் பொம்மைதான். அதைக் கட்டாம ஒரு ஆளு சாரத்தை வுட்டு இறங்க மாட்டான். இறங்கவும் வுடமாட்டேன். தளம் போட்ற அன்னிக்கு அதுதான் கடைசி வேலை. அது முடியாம வேலை முடியாது."

அவன் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அப்படின்னா உங்க உத்தரவுலதான் ஏறினாருன்னு ஆவுதுங்களே."

"ஆவட்டும்."

"அன்னிக்கு அவரு கிட்ட சொன்னீங்களா?"

"அன்னிக்கு சொல்லல. எல்லாத்தையும் முடிச்சுட்டு இறங்குன்னேன். எல்லாத்துலயும் அது இருக்குது. வருசக்கணக்கா சொன்னதை அன்னிக்கு ஒரு தரம் சொல்லலன்னா உத்தரவு இல்லாத போயிடுமா?"

"பெல்ட்டு?"

"ஷெட்டுல. கவரோட. சாவி என் இடுப்புல இருந்தது. நான் கலசப்பாக்கத்துல இருந்தேன்."

 அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "பெரியவரே, நல்லதுக்குச் சொல்றேன். இதை அப்படியே எழுதிக் குடுத்தா அந்தம்மாவுக்குக் கெடச்சாலும் கெடைக்கும். ஆனா அப்புறம் எல்லாம் உங்க மேல திரும்பும். அடுத்த பாலிசி உங்களுக்கு எந்தக் கம்பெனியும் குடுக்க மாட்டான். பாலிசி இல்லன்னா பாங்க் லோன் வூடு எதுவும் உங்க கைக்கு வராது. யோசிச்சுச் சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்காத மாதிரி இருந்துக்கறேன்."

"நீ எழுது. நான் சொன்ன மாதிரியே எழுது. பொம்மை கட்றது சாமி சமாச்சாரம்னு மட்டும் எழுதின, கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

எழுதினான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் உன்னிடம் இரங்கியோ, நீ மாலையை எறிந்தது சரி என்றோ இதைச் செய்யவில்லை. அது சரியில்லை, இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. என் சைட்டில் நடந்த வேலையை வேலையில்லை என்று ஒருவன் சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கவியா கேட்டால் சொல். உங்கப்பா வேலையில் இருந்தார். கடைசி வேலையையும் முடித்தார். முடிச்சு நின்றது.

காக்கிச் சட்டையைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெறும் வைக்கோலாக அது நிற்கக் கூடாது. நானே வந்து மாட்ட என் முழங்கால் விடாது. யாரையாவது விட்டு மாட்டச் சொல்.

தேவராஜ் மேஸ்திரி


புளியந்தட்டு
20.9.2024

மேஸ்திரிக்கு,

யாரையாவது விட்டு மாட்டச் சொன்னீர்கள். யாரும் வரவில்லை. நானே மாட்டினேன். எனக்கு உங்கள் முடிச்சு வராது. சாமை மூட்டைக்குப் போடுகிற முடிச்சுதான் போட்டிருக்கிறேன்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பணியின்போது ஏற்பட்ட மரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைக் கவியாவிடம் படிக்கக் கொடுத்தேன். சத்தமாகப் படித்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகட்டுமா என்று கேட்டாள். எடுத்துப் போனாள்.

பூச்சு வேலைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். கோகுல்ராஜ் அண்ணனுக்கு இப்போது அவசரம். ஐப்பசியில் குடிபோக நாள் பார்த்திருக்கிறார்.

மாலையை எறிந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. நீங்களும் எதற்கும் வருத்தம் என்று எழுதவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் சட்டையை மாட்டிய அன்று மாமியார் வழக்கம்போலக் களத்தில் வந்து நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தார். "மேஸ்திரிதான் நிக்கறாரு" என்றார். பிறகு, "அப்ப எம்புள்ள எறங்கிட்டான்" என்றார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் களத்துக்கு வரவில்லை.

இப்போது நான்தான் பார்க்கிறேன். காற்றடித்தால் அது இன்னும் திரும்புகிறது. திரும்பும்போது நீங்கள் திரும்புவது போலவே இருக்கிறது. எனக்குப் பயமில்லை. உங்களுக்கு எப்படி என்று தெரியவில்லை.

தேவயானி


படவேடு
22.10.2024

தேவயானிக்கு,

நேற்று மேலே வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. வளைவு வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. பஸ் மேல் வளைவில் திரும்பியபோது நான் ஜன்னல் ஓரம் இருந்தேன். நீ எழுதியது போலவே நேராக வந்து நின்றது. நான் தொங்கிக்கொண்டிருந்தேன். மீசை ஒரு பக்கம் கரைந்திருந்தது. வைக்கோலில் மீந்திருந்த சாமை மழையில் முளைத்து, என் சட்டைக் கை இரண்டிலிருந்தும் பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. காற்றில் அது மெதுவாகத் திரும்பி உங்கள் களத்தைப் பார்த்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்தில் இருந்த ஆள், "இன்னா பெரியவரே, குளுருதா?" என்று கேட்டான். ஆமாம் என்று ஜன்னலை மூடினேன்.

பயமா என்று கேட்டிருந்தாய். பயம்தான். ஆனால் அது இருக்க வேண்டிய ஆளிடம் இருக்கிறது.

அந்தக் கம்பெனிப் பையன் சொன்னபடியே எனக்கு இந்த வருடம் பாலிசி புதுப்பிக்கவில்லை. கையில் இருந்த இரண்டு வீடும் வேறு ஆளுக்குப் போய்விட்டன. இதுதான் என் கடைசி வீடு. அதனால் இதை முறைப்படி முடிக்க வேண்டும்.

கோகுல்ராஜிடம் பேசினேன். குடிபோகிற அன்று பொம்மையை யார் இறக்குவது என்று கேட்டேன். "நீங்கதான் மேஸ்திரி" என்றான். நான் கட்டவில்லை, தேவயானி கட்டினாள், கட்டியவள் கையால்தான் அவிழும் என்றேன். அவன் முகம் மாறியது. "நல்ல காரியம் மேஸ்திரி. அது வந்து, விளக்கு ஏத்துற நேரத்துல முன்னாடி வந்து நின்னா சொந்தக்காரங்க இன்னா சொல்லுவாங்க? வேணும்னா முந்தின நாளே வந்து அவுத்துட்டுப் போகச் சொல்லுங்களேன்" என்றான். உன்னைத் தாலியறுத்தவள் என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை.

பொம்மை குடிபோகிற அன்றுதான் இறங்கும், முந்தின நாள் இறங்காது என்றேன். நீ முன்வாசல் வழியாக வந்து, எல்லோரும் பார்க்க ஏறி, அவிழ்த்து இறங்கின பிறகுதான் வீட்டுச் சாவி அவன் கைக்கு வரும், அதுவரைக்கும் என் இடுப்பில் இருக்கும் என்றேன். கத்தினான். கத்தட்டும். இந்த மலையில் என்னோடு கத்தி ஜெயித்த வீட்டுக்காரன் இதுவரை இல்லை.

ஐப்பசி வளர்பிறையில் நாள். காலையிலேயே வந்துவிடு. கவியாவையும் உன் மாமியார் மங்கம்மாளையும் கூட்டி வா. நான் கீழே நிற்பேன்.

முன்பக்கச் சாரத்தைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கட்டை மழையில் ஊறியிருக்கிறது, வழுக்கும். ஷெட்டைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டேன். பெல்ட் போட்டுக்கொண்டு ஏறு. கவரைப் பிரித்து வைத்திருக்கிறேன்.

தேவராஜ் மேஸ்திரி